ஏழு பலகை, ஒரு வாய்த் தண்ணீர்

கொம்பன்கரடு என்ற மலையைச் சுற்றி ஏழு சாவடிகள் இருந்தன, சாவடிக்கு ஒரு துறவி. ஏழுக்கும் சேர்த்துத் தலைவர் என்று ஒருவர் கிடையாது.

யாராவது தலைவராகிவிடுவாரோ என்ற பயம் அங்கிருந்த துறவிகளுக்கு அவ்வளவு இருந்தது. சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால்கூட வட்டமாகத்தான் உட்காருவார்கள். வட்டத்தில் யாருக்கு முதலில் சோறு போடுவது என்று தெரியாமல், பரிமாறுகிறவர் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிக் கிறுகிறுத்து விழுந்ததும் உண்டு. அன்றைக்கு எல்லோரும் பட்டினி.

ஒவ்வொரு சாவடி வாசலிலும் ஒரு கரும்பலகை. மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்கும். எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் குடிக்கலாம், எங்கே தேன்கூடு தொங்குகிறது. தினமும் விடிந்ததும் ஒவ்வொரு சாவடிக்காரரும் அடுத்த சாவடிக்கு நடந்து போய்த் தன் பலகையில் இருப்பதைச் சொல்லிவிட்டு வருவார். கேட்டவர் தன் பலகையில் அதை எழுதிக்கொள்வார். மூன்றிலிருந்து நான்குக்கு, நான்கிலிருந்து ஐந்துக்கு, ஏழிலிருந்து மறுபடி ஒன்றுக்கு.

எழுதியதன் கீழே யார் சொன்னது என்று போடுவதில்லை. 'நான்' என்பதை விட்டுவிட்டு வந்தவர்கள் பெயர் போடலாமா? அதேபோல, ஒரு வரியைச் சொன்னவரைத் தவிர வேறு யாரும் அதை அழிப்பதுமில்லை. அடுத்தவர் வாக்கின் மேல் கை வைக்க இன்னொருவருக்கு என்ன உரிமை?

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அருமையான வழக்கங்கள். இரண்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை ஐந்தாம் சாவடியில் பார்க்கலாம். 'புலி நடமாட்டம், தனியே போகவேண்டாம்' என்று அங்கே அறுபது வருடமாக ஒரு வரி இருந்தது. புலி செத்து, புலியின் பேரனும் செத்து, அந்தக் காட்டில் இப்போது பூனையைப் பார்ப்பதே அபூர்வம். அழிக்க ஆள் இல்லை. மங்கும்போதெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் மேலே எழுதித் தெளிவாக்குவார்கள். அது புண்ணியம். இடமில்லாமல் போய், சில சாவடிகளில் மூன்று பலகைகள் தொங்கின.

மூன்றாம் சாவடியில் இருந்தவர் காரியண்ணன். அறுபத்தொரு வயது. துறவு கொள்வதற்கு முன் முப்பது வருடம் கணவாயில் சுங்கம் பார்த்தவர். வைக்கோல் வண்டி வந்தால் உள்ளே மிளகு மூட்டை இருக்கும் என்று கோலால் குத்திப் பார்ப்பார். மிளகு மூட்டையே வந்தால் உள்ளே வேறு என்னமோ இருக்கும் என்று குத்துவார். துறவு வாங்கியபோது கோலைத்தான் விட்டார், குத்துவதை விடவில்லை.

பங்குனி பிறந்து சில நாளில், சென்னியப்பன் என்கிற செக்காட்டுகிறவரும் அவர் மனைவி பாவாத்தாளும் மலை சுற்ற வந்தார்கள். மூன்றாம் சாவடிப் பலகையில் 'குருவிச்சுனை நீர் நல்லது, குடிக்கலாம்' என்று இருந்தது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது அந்தச் சுனை. சென்னியப்பன் வயிறு நிறையக் குடித்தார். பாவாத்தாள் விரதம், குடிக்கவில்லை. நூறு அடி நடப்பதற்குள் அவர் சுருண்டு விழுந்தார். பாவாத்தாள் அவரை முதுகில் சுமந்துகொண்டு மூன்றாம் சாவடிக்கே திரும்பி வந்தாள்.

பச்சிலை வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, மூன்று நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்.

சாவடிக்காரர்கள் ஏழு பேரும் கூடினார்கள். பாவாத்தாள் அழவில்லை, சாபமும் விடவில்லை. பலகையைக் காட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இதைச் சொன்னது யாருங்க?"

"நாங்கள்தான் அம்மா" என்றார் ஏழாம் சாவடிக்காரர், மிகுந்த பணிவோடு.

"நாங்கள்ங்கற ஆளு எங்கிருக்காருங்க? அவரைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பும் பார்த்துக்கொண்டவர்கள்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு.

அன்றிலிருந்து மலை மாறிப்போயிற்று. விடியற்காலைச் செய்தி சொல்ல வருகிறவர் வாசலிலேயே நின்று சொன்னார். உள்ளே இருந்தவர் கதவை அரைவாசி திறந்துகொண்டு கேட்டார். இரண்டாம் சாவடிக்காரர் தன் சுண்ணாம்புக் கட்டியை மண்ணில் புதைத்துவிட்டார். ஆறாம் சாவடிக்காரர் மௌன விரதம் என்று அறிவித்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு, போன மாசியிலிருந்து என்று வாய்திறந்து சொன்னார்.

விழுந்தது மூன்றாம் சாவடிப் பலகையைப் படித்தவர் என்பதால், எல்லோருடைய சந்தேகமும் மெல்ல மெல்ல மூன்றாம் சாவடிக்கே வந்து சேர்ந்தது. மூன்றாம் நாள் மாலை மறுபடி கூடுவது என்றும், சொன்னவர் யார் என்பதை அதற்குள் காரியண்ணன் காட்டாவிட்டால் அவர் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. யாருடைய முடிவு என்று கேட்கக்கூடாது. எல்லோருடைய முடிவு.

காரியண்ணன் தன் வீட்டைத் தங்கை மகளுக்கு எழுதிவைத்துவிட்டு வந்தவர். இறங்கினால் நுழைவதற்கு ஒரு வாசல் கிடையாது.

அவர் உச்சிக்கு ஏறினார்.

உச்சியில் ஒரு சின்னக் கற்கோயில். அதைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் நீலாயி அம்மை. வயதில் காரியண்ணனுக்கு மகளாகலாம். அந்த மலையில் குரு என்று யாரும் இருக்கக்கூடாது. ஆகவே ஏழு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அவரிடம் கேள்வி கேட்கப் போவார்கள். வழியில் எதிர்ப்பட்டால், விறகு பொறுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். உச்சியில் ஒரு மரம்கூடக் கிடையாது.

காரியண்ணன் நடந்ததெல்லாம் சொன்னார். தான் எழுதியது வந்த செய்தியைத்தான் என்றார். தான் புதியவன், சுங்கக்காரன், தன்னை இறக்குவதற்காக யாரோ வேண்டுமென்றே பொய்ச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்றார். இரண்டாம் சாவடிக்காரர் கட்டியைப் புதைத்ததைச் சொன்னார். ஆறாம் சாவடிக்காரரின் மௌனத்தைச் சொன்னார். நான்காம் சாவடிச் சடையர் தன்னைக் கண்டால் காலைப் பார்த்தே பேசுகிறார் என்பதையும் சொன்னார்.

"யார் என்று உங்களுக்குத் தெரியும் அம்மை. சொல்லுங்கள்."

நீலாயி அம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"பலகையில் அந்த வரி இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது. அதுதானே சாட்சி."

அம்மை கீழே தெரிந்த பாதையைக் காட்டினார்.

"குருவிச்சுனையில் ஒரு கலயம் மொண்டுகொள்ளுங்கள். செய்தி வந்த வழியிலேயே பின்னால் போங்கள். யார் சொன்னது என்று கேட்க வேண்டாம். கலயத்தை நீட்டிக் குடிக்கச் சொல்லுங்கள். குடிக்காதவரிடம், குடித்தது யார் என்று கேளுங்கள்."

காரியண்ணனுக்கு அது பிடித்துப்போயிற்று. கணவாயில்கூட இப்படி ஒரு சோதனை அவருக்குத் தோன்றியதில்லை.

சுனையில் கலயம் நிறைய மொண்டார். வாயை இலையால் கட்டினார். முதலில் இரண்டாம் சாவடிக்குப் போனார்.

"குருவிச்சுனைத் தண்ணீர். நல்ல நீர் என்று உம்முடைய பலகையில் இருக்கிறது. குடியும்."

இரண்டாம் சாவடிக்காரர் கலயத்தைப் பார்த்தார், காரியண்ணனைப் பார்த்தார். தனக்குச் சளி என்றார்.

"சரி. குடித்துப் பார்த்தது யார்?"

"ஒன்றாம் சாவடியிலிருந்து வந்த செய்தி. அவர்கள் பார்க்காமலா சொல்லியிருப்பார்கள்?"

ஒன்றாம் சாவடிக்காரர், தான் செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீரே குடிப்பதில்லை என்றார். அன்றைக்குப் புதன்கிழமை. ஏழாம் சாவடிக்காரர் கலயத்தை முகர்ந்து பார்த்து, இவ்வளவு நல்ல நீரைத் தான் ஒருவன் குடித்துத் தீர்ப்பது சரியில்லை, வருகிறவர்களுக்கு வைக்கலாம் என்றார். ஆறாம் சாவடிக்காரருக்கு அன்றைக்கு மௌனம் கைகொடுத்தது. கையை மட்டும் ஐந்தாம் சாவடிப் பக்கம் நீட்டினார். ஐந்தாம் சாவடிக்காரர் நேர்மையானவர். தனக்கு உயிர்மேல் ஆசை என்றார்.

குடித்தது யார் என்றால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஒரு சாவடி சொன்னால் சந்தேகப்படலாம். மலையே சொல்கிறதே, எப்படிச் சந்தேகப்படுவது?

காரியண்ணன் ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் கண்ணைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், எச்சில் விழுங்குகிறார்களா என்று தொண்டையைப் பார்த்தார். எல்லோரும் விழுங்கினார்கள். அவர்களும் அவரைத் திருப்பி அப்படியே பார்த்தார்கள். ஐந்தாம் சாவடியைத் தாண்டியபோது அவருக்கு உறுதியாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே ஆள், சடையர்.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதுக்கு நான்காம் சாவடி வாசலில் நின்றார்.

சடையர் கலயத்தைத் தொடவில்லை. வழக்கம்போல் காரியண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடியும்."

"மாட்டேன்."

"அப்படியானால் குடித்தது யார்?"

"குடித்துவிட்டு வந்து சொன்னவர்."

"அவர்தான் யார் என்கிறேன்."

சடையர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"தை மாதம், நீர்தான் காலையில் செய்தி கொண்டு வந்தீர். மீசையெல்லாம் ஈரம். குருவிச்சுனையில் குடித்தேன், இளநீர் தோற்றது, யார் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றீர். நான் எழுதினேன். அப்போதிருந்து உம்மைப் பார்க்கும்போதெல்லாம் உமக்கு நினைவிருக்கும் என்றுதான் நினைத்தேன். மூன்று நாளாக, நினைவில்லாததுபோல் நடிக்கிறீர் என்று நினைக்கிறேன்."

காரியண்ணன் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

குருவிச்சுனையில் நீலாயி அம்மை இருந்தார். உடைமுள் வெட்டிக் கொண்டுவந்து சுனைக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் போட்டுக்கொண்டிருந்தார். மேலே, நீர் ஊறிவரும் பாறையிடுக்கில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடப்பதாகச் சொன்னார்.

"சடையர் பொய் சொல்கிறார் அம்மை" என்றார் காரியண்ணன். "என் தலையிலேயே கொண்டுவந்து போடுகிறார். தை மாதம் நான் இங்கே..."

சுனையைப் பார்த்தார். பேச்சு நின்றது. பாறையில் முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் மொண்டு குடித்த இடம் தெரிந்தது. குளிரில் பல் கூசியது நினைவு வந்தது.

அவர் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு வரி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, ஆறு சாவடியின் வாக்காக அவர் வாசலுக்கே வந்திருக்கிறது. அவரும் அதை நல்ல எழுத்தில், பெரிதாக எழுதியிருக்கிறார்.

"அன்றைக்கு அது நல்ல தண்ணீர்தான்" என்றார்.

"அன்றைக்கு" என்றார் அம்மை.

"நான் பொய் சொல்லவில்லை."

"இல்லை. இந்த முள்ளைக் கொஞ்சம் பிடியுங்கள்."

பிடித்தார். உள்ளங்கையில் இரண்டு முள் ஏறியது. மூன்று நாளில் இரண்டு முறை இந்தச் சுனையோரமாகப் போயிருக்கிறார். ஒரு முள்ளை எடுத்துப் போடத் தோன்றவில்லை.

"சடையரைத் தவிர யாருக்கும் தெரியாது அம்மை. அவர் பேச்சை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சொன்னது என்று நின்றுவிட்டால், ஒருவேளை என்னை இருக்க விடுவார்கள். நான்தான் என்று சொன்னால் இறங்க வேண்டியதுதான். எது சரி?"

நீலாயி அம்மை கடைசி முள்ளைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார்.

"பலகையில் அந்த வரி இன்னும் இருக்கிறதா?"

"இருக்கிறது. சொன்னவர்தானே..."

முடிக்கவில்லை. கலயத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மையும் பின்னால் வந்தார்.

மூன்றாம் சாவடி வாசலில் பாவாத்தாள் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை. மூன்று நாளாக அப்படித்தான் நிற்கிறாளாம். உள்ளே புருஷனுக்கு வாய் நனைத்துவிட்டு வருவாள். வந்து மறுபடி அந்த வரியை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. புருஷன் விரல் வைத்துப் படித்துக் காட்டிய இடம் மட்டும் தெரியும். அவள் சேலையில் சுண்ணாம்பு படிந்திருந்தது. சுற்றி வந்தவர்களிடமெல்லாம் சுனைப்பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் பங்குனி உத்திரம். ஆயிரம் பேர் ஏறுவார்கள்.

சாவடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காராமல், இடைவெளி விட்டு உட்கார்ந்ததில் வட்டம் பெரிதாகிப் பாதி சாவடியின் முள்வேலிக்கு அந்தப்பக்கம் போயிற்று.

"ஆளு கெடச்சாருங்களா?" என்று கேட்டாள் பாவாத்தாள்.

காரியண்ணன் கலயத்தின் இலையை அவிழ்த்தார். தோளில் கிடந்த துண்டை அதில் நனைத்தார்.

"கொஞ்சம் நகருங்கள் அம்மா."

அவள் நகர்ந்தாள். அவர் அந்த வரியைத் துடைத்தார். அறுபது வருடத்தில் அந்த மலையில் அழிந்த முதல் வரி. துடைத்து முடித்தபின் அவர் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான்தான் அம்மா. தை மாதம் குடித்துவிட்டு நான் சொன்னது."

பாவாத்தாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தேடின ஆள் இவ்வளவு கிழவராக இருப்பார் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். கையில் முள் குத்தி ரத்தம் காய்ந்திருந்ததையும் பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள். "விடியக்காலம் கண்ணு முழிச்சாரு. கஞ்சி ஊட்டோணும். ஒரு வாய்க்கு ஒரு நாழி ஆகுது. மூணு நாளா நான் கண்ணு மூடலைங்க. இனி நீங்க ஊட்டுங்க."

காரியண்ணன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். பாவாத்தாள் பலகைக்குக் கீழேயே தரையில் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.

வெளியே ஆறு பேருக்கும் உயிர் வந்தது. இடைவெளி குறைந்து வட்டம் சின்னதாயிற்று. இரண்டாம் சாவடிக்காரர் சளி விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆறாம் சாவடிக்காரர் மௌனத்தை முடித்துக்கொண்டு, தனக்கு முதலிலேயே சந்தேகம்தான் என்றார். சடையர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் சாவடிக்காரர் தொண்டையைச் செருமினார். வட்டத்துக்கு வெளியே நின்ற நீலாயி அம்மையிடம், விறகு பொறுக்க வந்த இடத்தில் பார்த்ததுபோலக் கேட்டார்.

"சொன்னவர் யார் என்று தெரிந்துவிட்டது. காரியண்ணரை இன்றைக்கே இறக்கிவிடலாமா, உத்திரம் கழித்தா?"

நீலாயி அம்மை தூங்குகிறவளின் முகத்தில் வெயில் படாமல், காரியண்ணனின் ஈரத்துண்டைப் பலகையிலிருந்து தொங்கவிட்டார்.

"நாளை விடிந்தால் ஆயிரம் பேர் ஏறுவார்கள். இன்னும் ஆறு பலகையில் அந்த வரி இருக்கிறது. அவர் கஞ்சி ஊட்டுகிறார், வரமுடியாது. நீங்கள் போய் அழித்துவிட்டு வாருங்கள். அழித்தவர்கள் வந்து அவரை இறக்கட்டும்."

வட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவுமில்லை. உள்ளே காரியண்ணன், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

பிறகு சடையர் எழுந்து, கலயத்தில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு நான்காம் சாவடியைப் பார்த்து நடந்தார்.